மான் வரலாம், பன்றி வரக்கூடாது!

முதலில் உங்களுக்கு ஒரு புதிர்.

காட்டோரத்தில் ஓர் இடத்தில் மான்களுக்காகத் தீனி வைக்கிறோம். மான்கள் வருகின்றன. ஆனால் அவற்றுக்கு முன்பே காட்டுப் பன்றிகள் கூட்டமாக வந்து எல்லாவற்றையும் தின்று, தரையையும் உழுதுவிட்டுப் போய்விடுகின்றன. மான் உள்ளே வர வேண்டும், பன்றி வரக்கூடாது. காவலுக்கு ஆள் கிடையாது. யாருக்கும் காயம் படவும் கூடாது. என்ன செய்வீர்கள்?

‘வேலி போடலாம்’ என்பீர்கள். வேலி போட்டால் மானும் நின்றுவிடுமே! ‘வாசல் வைக்கலாம்’ என்பீர்கள். வளர்ந்த புள்ளிமானும் வளர்ந்த காட்டுப் பன்றியும் தோள் மட்டத்தில் ஏறக்குறைய ஒரே உயரந்தான். இரண்டும் 80, 90 சென்டிமீட்டர் இருக்கும். மான் நுழையும் வாசலில் பன்றியும் நுழையும்.

இந்தப் புதிருக்கு விடை உண்டு. அந்த விடையைக் கண்டுபிடித்துவிட்டால், காஞ்சிபுரத்துப் பக்கத்தில் வேர்க்கடலை பயிரிடும் விவசாயியின் கவலைக்கும் வழி பிறக்கும். எப்படி என்று பார்ப்போம்.

கால் ஒன்று, மூக்கு ஒன்று

விடையைத் தேட இரண்டு விலங்குகளின் உடலையும் கவனிக்க வேண்டும். நம்முடைய பல்லவச் சிற்பிகள் அதை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு அவர்கள் ஆண்ட காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், மாமல்லபுரத்துப் பாறைகளில் சிற்பங்களைச் செதுக்கினார்கள். ‘அர்ச்சுனன் தபசு’ என்று சொல்லப்படும் பெரும்பாறையில், பின்னங்காலை உயர்த்தி முகத்தைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று உண்டு. அந்தக் காலின் மெல்லிய நீளத்தைப் பாருங்கள். அருகிலுள்ள வராக மண்டபத்தில் பன்றி முகத்தோடு திருமால் நிற்கிறார். தடித்த கழுத்தும், நீண்டு முன்னே வரும் மூஞ்சியும் அங்கே தெரியும்.

மானின் பலம் காலில் இருக்கிறது. பின்னங்கால்கள் நீளமானவை, சுருள்வில் போல மடங்கி விரிபவை. உடல் எடையும் குறைவு. வெளிமான் சுமார் 2 மீட்டர் உயரம்வரை துள்ளும். புள்ளிமான் ஒன்றரை மீட்டர் வேலியைத் தாண்டக்கூடியது.

பன்றியின் பலம் மூக்கில் இருக்கிறது. பன்றியின் மூக்கு நுனி வட்டமான தட்டு போல இருக்கும். அதற்குள்ளே தாங்கலாக ஒரு தனி எலும்பே உண்டு. நம் மூக்கிலோ மானின் மூக்கிலோ அப்படி ஓர் எலும்பு கிடையாது. பெரிய தலை, தடித்த கழுத்து, கனத்த தோள் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த மூக்கை மண்வெட்டி போலத் தள்ளுகின்றன. கால்களோ குட்டை. எடையில் பெரும்பகுதி உடலின் முன்பக்கம் இருக்கிறது.

இனி விடை புரிகிறதா? எதிரில் ஒரு தடை வந்தால் மானுக்கு ‘மேலே’ என்று தோன்றும். பன்றிக்கு ‘கீழே’ அல்லது ‘ஊடே’ என்று தோன்றும்.

இடுப்புக்குக் கீழே ஒரு வேலி

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் புதிரை அவிழ்த்தார்கள். அங்கே மான்களுக்காகத் தீனிப் பெட்டிகள் வைத்து மக்காச்சோளம் போடுவது வழக்கம். சோளத்தின் வாசனைக்குக் காட்டில் திரியும் பன்றிகள் வந்துவிடும். தீனிப் பெட்டியைச் சுற்றி வெவ்வேறு உயரங்களில் கம்பி வேலி போட்டுப் பார்த்தார்கள். குறைந்தது 28 அங்குல உயரம், அதாவது சுமார் 71 சென்டிமீட்டர் இருந்தால் போதும் என்று தெரிந்தது. இது ஒரு பெரியவரின் இடுப்புக்கும் கீழே நிற்கும் வேலி. வெள்ளைவால் மான்கள் அதை எளிதாகத் தாண்டி உள்ளே சென்றன. பன்றிகள் வெளியே நின்றன.

‘பன்றியால் குதிக்கவே முடியாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். முடியும். துரத்தப்பட்டால் ஒரு மீட்டருக்கு மேலேயும் பாய்ந்துவிடும். ஆனால் ஒரு விலங்கால் எதைச் செய்ய முடியும் என்பது வேறு, அது வழக்கமாக எதைச் செய்யும் என்பது வேறு. தீனியைத் தேடி நிதானமாக வரும் பன்றி குதிக்க நினைப்பதில்லை. வேலியை மூக்கால் முட்டிப் பார்க்கும். அடியில் இடம் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும். ஆகவே உயரத்தைவிட வேலியின் அடிப்பாகம் முக்கியம். கம்பி தரையோடு ஒட்டி உறுதியாக இருக்க வேண்டும், அல்லது ஓர் அடி ஆழத்துக்கு மண்ணில் புதைந்திருக்க வேண்டும். வேலிக்குள் இருக்கும் இடமும் அகலமாக இருக்க வேண்டும். குறுகிய இடமானால், உள்ளே மாட்டிக்கொள்வோமோ என்று மான் தயங்கும்.

இதே வேலியை நம் நாட்டில் அப்படியே போட்டுவிடலாமா? அவசரப்படக் கூடாது. நம் புள்ளிமானுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாண்ட முடிந்தாலும், வேலிக்கு அடியில் நுழைந்து போவதையே அது விரும்பும். ஆகவே இங்கே வேலி அமைப்பவர் நம் மானின் பழக்கத்தைப் பார்த்துத்தான் அளவு குறிக்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டு இரண்டையும் பிரிப்பதற்குக் காரணம் தீனி மட்டும் அல்ல. பன்றி அனைத்துண்ணி. கிழங்கு, பழம், புழு, முட்டை எல்லாம் தின்னும். பிறந்து சில நாட்களே ஆன மான்குட்டி கிடைத்தால் அதையும் விடாது. மேலும், கோமாரி நோய் பன்றிக்கும் வரும், மானுக்கும் வரும். எல்லா விலங்குகளும் ஒரே குவியலில் வாய் வைத்தால் நோய் பரவுவது எளிது.

காஞ்சிபுரத்து ஏரிக்கரையில்

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். காஞ்சிபுரம் என்றதும் கோயில்களும் பட்டும் நினைவுக்கு வரும். ஆனால் ஊரைத் தாண்டினால் அது ஏரிகளின் நாடு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் பாயும் அந்தப் பகுதியில் ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் வேர்க்கடலையும் விளைகின்றன. நடுநடுவே சிறு சிறு காப்புக்காடுகள் இருக்கின்றன. உத்திரமேரூர் போன்ற வட்டாரங்களில் காட்டுப் பன்றிகள் வயலில் இறங்குவது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு.

பன்றிகள் பெருங்காட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஏரி உள்வாயிலும் ஆற்றோரத்திலும் சீமைக் கருவேல் புதர் மண்டிக் கிடக்கிறது. பகலெல்லாம் அதற்குள் படுத்துக் கிடந்துவிட்டு, இருட்டியதும் கூட்டமாக வெளியே வரும். பக்கத்திலேயே தண்ணீர், பக்கத்திலேயே பயிர், பிடித்துத் தின்னப் புலியும் இல்லை. இதைவிட வசதியான குடியிருப்பு ஏது?

பெருக்கமும் வேகமானது. பன்றியின் சினைக்காலம் ‘மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள்’ என்று கால்நடை வளர்ப்போர் சொல்வார்கள். கூட்டிப் பாருங்கள்: 90 + 21 + 3 = 114 நாட்கள். காட்டுப் பன்றிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் பிறக்கும். புள்ளிமானோ ஏழரை, எட்டு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும்.

வேர்க்கடலை பன்றியின் மூக்குக்கென்றே அமைந்த பயிர். காய் மண்ணுக்கடியில் இருக்கிறது, பன்றியின் மூக்கு மண்ணைப் புரட்டுகிறது. ஒரு கூட்டம் ஒரே இரவில் தின்பது கொஞ்சம், கிளறிப் போட்டுக் கெடுப்பது அதிகம். உழவுக்கும் விதைக்கும் கடன் வாங்கிய சிறு விவசாயிக்கு அது ஒரு பருவத்து உழைப்பு.

சேலை வேலியும் பன்றியின் கண்ணும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வயலைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய சேலைகளைக் கட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பட்டுச் சேலை அல்ல, கிழிந்துபோன நைலான், பாலியஸ்டர் சேலைகள். பல நிறங்களைக் கண்டு பன்றி மிரளும் என்று சொல்லிக் கட்டுவார்கள்.

பன்றிக்கு நிறம் தெரியுமா? தெரியும், ஆனால் நம்மைப் போல அல்ல. நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பன்றிக்கு இரண்டே வகை. ஒன்று நீல ஒளியையும் மற்றொன்று பச்சை, மஞ்சள் ஒளியையும் நன்றாக வாங்கும். ஆகவே சிவப்பும் பச்சையும் அதற்குத் தனித்தனி நிறங்களாகத் தோன்றா. காஞ்சிபுரத்து நெசவாளி பச்சை உடலுக்கு அரக்குக் கரையைக் கோர்வையாக இணைத்து நெய்கிறாரே, அந்த அழகு பன்றியின் கண்ணுக்கு எட்டாது. ஏறக்குறைய ஒரே சாயலில், ஒன்று கொஞ்சம் வெளிறியும் மற்றொன்று கொஞ்சம் கருத்தும் தெரியும். அதுவும் பகலில்தான். இரவில் நம் கண்ணுக்கே நிறம் தெரிவதில்லை.

அப்படியானால் சேலை வேலி பயனில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. காற்றில் படபடக்கும் துணி புதிய அசைவு. அதில் மனித வாடை உண்டு. வயல் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் அது மறைக்கிறது. புதிதாகக் கண்ட எதையும் காட்டு விலங்கு சந்தேகத்தோடுதான் அணுகும். ஆனால் நாலு நாள் பார்த்து ஒரு தீங்கும் வராவிட்டால் சந்தேகம் போய்விடும். சோளக்கொல்லைப் பொம்மையின் தலைமேலேயே காக்கை உட்காருவதைப் போலத்தான் இதுவும். இதைப் ‘பழகிப்போதல்’ என்கிறார்கள் விலங்கு நடத்தை அறிஞர்கள். தகர டப்பா ஓசை, பட்டாசு, மின்னும் விளக்கு எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். ஆகவே ஒரே உபாயத்தை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வைப்பது வீண். பயிர் காய் பிடிக்கும் நாட்களில் மட்டும் வைத்து, இடத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டே இருந்தால் பலன் உண்டு.

மூக்கை ஏமாற்றுவது

கண்ணைவிடப் பன்றி நம்புவது மூக்கைத்தான். மோப்பத்துக்கென்று வேலை செய்யும் மரபணுக்கள் மனிதனுக்குச் சுமார் 400. பன்றிக்கு 1,100க்கும் மேல்! மண்ணுக்குள் இருக்கும் கடலையை அது ‘பார்ப்பது’ மூக்கால்தான்.

இந்தப் பலத்தையே பன்றிக்கு எதிராகத் திருப்ப முடியும். பயிர்களைச் சேதப்படுத்தும் முதுகெலும்பு விலங்குகளைப் பற்றி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டம் ஒன்று ஹைதராபாத்தை மையமாகக் கொண்டு ஆராய்ந்து வருகிறது. அங்கே சொல்லப்படும் முறைகளில் சில மிக எளியவை. வேர்க்கடலை வயலைச் சுற்றி நான்கு வரிசை குசும்பா விதைப்பது ஒன்று. அதன் இலை முள் நிறைந்தது, அதன் வாடை கடலை வாசனையை மறைக்கவும் உதவுகிறது. மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு விதைப்பது மற்றொன்று. முடிதிருத்தும் கடைகளிலிருந்து தலைமயிரை வாங்கி வரப்பில் தூவும் வழக்கமும் உண்டு. தரையை மோந்துகொண்டே வரும் பன்றியின் மூக்கில் மயிர் ஏறி உறுத்தும்.

வயலுக்கு ஓர் அடி வெளியே இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பள்ளம் எடுப்பதும் ஒரு முறை. டெக்ஸஸ் வேலிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். குட்டைக் காலுக்கும் கனத்த முன்னுடலுக்கும் பள்ளம் ஒரு தொல்லை. மழைநீரைச் சேர்ப்பது கூடுதல் லாபம்.

230 வோல்ட் கொல்லும், 5,000 வோல்ட் கொல்லாதா?

எல்லாரும் இப்படிப் பொறுமையாக வழி தேடுவதில்லை. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி வயலைச் சுற்றிக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. இது சட்டப்படி குற்றம். விஞ்ஞானப்படி கொலைக் கருவி.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது விட்டுவிட்டு வருவதில்லை, தொடர்ந்து பாய்கிறது. தொட்ட உடலின் தசைகள் இறுகிப்போவதால் கம்பியை விட்டு விலக முடியாது. ஓரிரு விநாடிகளில் இதயத்தின் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும்.

முறையான சூரிய மின்வேலியில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். ‘அது இன்னும் ஆபத்து அல்லவா?’ என்று கேட்பீர்கள். இல்லை. அங்கே மின்சாரம் துடிப்புகளாக வருகிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரந்தான் நீடிக்கும். அடுத்த துடிப்புக்கு ஏறக்குறைய ஒரு விநாடி இடைவெளி உண்டு. ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். சுரீரென்று அடிக்கும், ஆனால் விலகிக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆபத்தை நிர்ணயிப்பது வோல்ட் மட்டும் அல்ல. எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம் உடலில் பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காட்டோரங்களில் இத்தகைய வேலிகளையும் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023இல் விதிகள் வகுத்திருக்கிறது.

வீட்டு மின்சாரம் பாயும் கம்பிக்குப் பன்றி யார், மற்றவர் யார் என்று தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் 3 யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. இரவில் வயலுக்குப் போன மனிதர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் கொடுமையும் அப்படியே. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த சினை யானை ஒன்று ஆற்று நீரில் நின்றபடியே உயிர் விட்டது. பன்றிகளுக்காக வைத்த வெடி அது என்று விசாரணையில் தெரிந்தது.

இந்த உண்மையைச் சங்க காலத்தவரும் அறிந்திருந்தார்கள். தினை தின்னும் பன்றிக்காகப் புனத்துக் காவலன் வைத்த கற்பொறிக்கு ‘அடார்’ என்று பெயர். அந்தப் பொறியில் பன்றிக்குப் பதில் புலி விழுந்த செய்தி நற்றிணையின் 119ஆம் பாட்டில் இருக்கிறது. கொல்லும் பொறி ஆளைத் தேர்ந்தெடுக்காது.

பகையா, உறவா?

டெக்ஸஸுக்கும் நமக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அமெரிக்காவுக்குப் பன்றி வந்தேறி. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்த பன்றிகள் காட்டில் பெருகின. வேட்டைக்காகப் பின்னாளில் ஐரோப்பியக் காட்டுப் பன்றிகளையும் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே அது இயற்கைக்கே பகை.

இங்கே அது மண்ணின் விலங்கு. புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. மண்ணைக் கிளறி விதைகளைப் புதைக்கிறது. காட்டில் அதற்கு வேலை உண்டு, வயலில்தான் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதையும் காக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு நடைமுறையை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயிகள் தாங்களே சுடக்கூடாது.

சட்டமும் இங்கே தூரத்தை அளந்து வேலி போடுகிறது, பார்த்தீர்களா? ஆனால் துப்பாக்கி ஒரு கூட்டத்தைக் குறைக்கலாம். ஏரியில் கருவேல் புதரும், வயலில் காவலற்ற கடலையும் இருக்கும்வரை அடுத்த கூட்டம் வரும். புதரை அகற்றுவது, ஊர் விவசாயிகள் சேர்ந்து பயிரிடும் நாளையும் காவலையும் ஒன்றாக அமைப்பது, உறுதியான வேலி போடுவது ஆகியவைதான் நீடித்த வழி. ஒருவர் மட்டும் வேலி போட்டால் பன்றி பக்கத்து வயலுக்குப் போகும். எல்லாரும் சேர்ந்து போட்டால்தான் அது காட்டுக்குத் திரும்பும்.

நீங்கள் செய்து பாருங்கள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, பெரியவர் ஒருவரோடு வயல் வரப்புக்குப் போங்கள். புதருக்குள் போக வேண்டாம், கம்பி எதையும் தொட வேண்டாம். ஈர மண்ணில் குளம்புத் தடங்களைத் தேடுங்கள்.

மானின் தடம் ஒடுங்கி, முன்னே கூராக, இதயத்தைப் பிளந்தது போல இருக்கும். பன்றியின் தடம் அகலமாக, நுனி மழுங்கி இருக்கும். குளம்புகளுக்குப் பின்னால் இருபுறமும் இரண்டு சிறு குழிகள் தெரியும். அவை பக்க விரல்களின் பதிவு.

ஒவ்வொரு தடத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளவுகோலால் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்த இடத்தில் வரப்பைக் கடந்தது, தாண்டியதா, அடியில் நுழைந்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் எழுதினால், உங்கள் ஊரில் பன்றி வரும் வழி ஒரு படமாகக் கிடைத்துவிடும். வேலி எங்கே வேண்டும் என்பதை அந்தப் படம் சொல்லும். அதை உங்கள் ஊர் விவசாயிகளிடம் காட்டுங்கள். அவர்களுக்கு அது பயன்படும்.